திரை போட்ட வேன்

வேன் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டிய புருஷன் உட்பட யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. கால்வாய்க்கு இந்தப்பக்கம் இருக்கும் நெருக்கமான தெருக்களில் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வேன் கதவருகே நிற்கும்போதும் அவள் அக்காதான்.

"அப்பனுக்கும் அக்கா, பிள்ளைக்கும் அக்கா. உனக்கு வயசே ஆகாதா?" என்று தையல்காரர் கேட்பார்.

"வண்டிக்குத்தான் ஆகுது. எனக்கு எங்க நேரம்?" என்பாள்.

தையல்காரர் அவளுடைய புருஷன். வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, கம்பியில் தலைகீழாகத் தொங்கும் சீருடைகள். அவ்வளவுதான் அவருடைய உலகம். அவர் குரல் மெஷின் சத்தத்துக்கு மேல் எழும்பியதே கிடையாது. அளவு தப்பிவிட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால் ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வார். பதில் சொல்லாமல் இருக்க அது ஒரு வசதி. மீதியை உள்ளேயிருந்து வந்து அவள் பார்த்துக்கொள்வாள். "அந்த வீட்டுல மீசை ஒருத்தருக்கு, தைரியம் ஒருத்தருக்கு" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. தைரியம் வீட்டில் எங்கேயாவது இருந்தால் சரி என்று நினைப்பார்.

முதலில் அவள் அதே வேனில் ஆயாவாகத்தான் இருந்தாள். பிள்ளைகளின் கையைப் பிடித்து ஏற்றுவது, மூக்கைச் சிந்திவிடுவது, தூங்குகிறவர்களை எழுப்புவது. அந்த நாளில்தான் கால்வாய்ப் பாலத்தில் முதல் அரிவாள் வெட்டு விழுந்தது. வேன் பாலத்தை நெருங்கும்போது எதிரே ஆட்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தார். நடை ஓட்டமாயிற்று. ஓடினவர் அந்த வேலைக்குத் திரும்பவேயில்லை. உள்ளே பிள்ளைகள் அழுதன. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அதுவரை ஓட்டுநரின் கைகால் அசைவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி. பார்த்ததை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, முதல் கியரிலேயே, எஞ்சின் ஓலமிட ஓலமிட, பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா ரெண்டாவது கியர் போடல?" என்று வேன் முதலாளி கேட்டாராம்.

"அதை அவர் எப்பவும் பிள்ளைங்களைத் திட்டிக்கிட்டே போடுவாரு. நான் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துட்டேன், கையைக் கவனிக்கல" என்றாளாம் இவள்.

சாயங்காலம் அவள் இதைச் சாதாரணமாகச் சொல்லச் சொல்ல, தையல்காரர் ஒரு சட்டையின் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். அன்று பிளந்த வாய் இன்னும் மூடவில்லை என்று அவளே கேலி செய்வாள். பொய்யில்லை. வருஷங்கள் போன பிறகும், காலையில் அவள் வேனைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அவர் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார். சத்தம் தெருமுனை திரும்பிக் கரைந்த பிறகுதான் தையல் மறுபடி ஓடும்.

பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு கூட்டம், அந்தப்பக்கம் ஒரு கூட்டம். எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மணல் என்பார்கள், ஒரு பெண் விஷயம் என்பார்கள், கேரம் விளையாட்டில் வந்த தகராறு என்பார்கள். இப்போது அதற்குக் காரணமே தேவைப்படுவதில்லை. நேற்று விழுந்த வெட்டுக்கு இன்று, இன்று விழுந்ததற்கு நாளை. பேருந்து பாலத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. கேஸ் சிலிண்டரைப் பாலத்தடியில் இறக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், உருட்டிக்கொண்டு வருவது வீட்டுக்காரர் பாடு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகவரியைக் கேட்டதும் வேறு அவசர வேலை ஞாபகம் வந்து எழுந்துவிடுகிறார்கள். பல் மருத்துவர் அந்தப்பக்கம் இருக்கிறார். அவரிடம் போகப் பயந்து இந்தப்பக்கம் பாதிப் பேர் ஒரு கடைவாயாலேயே மென்றுகொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

ஹெல்மெட் விஷயம் இன்னும் விசித்திரம். முகம் மறைத்து வந்து வெட்டிவிட்டுப் போன சம்பவத்துக்குப் பிறகு, பாலத்தில் ஏறும்முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். கார் என்றால் கண்ணாடியை இறக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எந்தப் பலகையிலும் எழுதவில்லை, தெரியாத பிள்ளையும் கிடையாது. பாலம் தாண்டிய முக்கில் ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்கப் போக்குவரத்துக் காவலர் நிற்பார். ஆகவே கழற்று, தாண்டு, மாட்டு. "தலையை எப்பக் காப்பாத்தணும்னே புரியலப்பா" என்று சிரித்துக்கொண்டே ஜனங்கள் செய்துவந்தார்கள். ஒரு மழைநாளில் ஒரு கொத்தனார் கழற்ற மறந்துவிட்டார். எந்தக் கூட்டத்தையும் சேராதவர். வீட்டுக்குப் பால் வாங்கிக்கொண்டு போனவர். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கழற்றுவது நிற்கவில்லை.

இந்தப் பாலத்தைத்தான் வேன் அக்கா தினமும் கடந்தாள். கடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளின் முகமும் வெளியே தெரியும். அந்த முகங்கள்தான் அவளுடைய அனுமதிச் சீட்டு.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மையமும் அந்தப்பக்கத்துப் பள்ளியில் விழுந்தது. முதல் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் பாலத்தில் மறுபடியும் வெட்டு. வெட்டுப்பட்டவன் இந்தப்பக்கக் கூட்டத்தின் தலைவனாக இருந்த, ஆணி என்று பெயரெடுத்தவனின் சித்தப்பா மகன். உயிர் இருக்கிறது, கை இருக்குமா என்று மருத்துவமனையில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வெட்டியவன்தான் எல்லோரையும் திகைக்க வைத்தான். அவன் இந்தப்பக்கமே பிறந்து வளர்ந்தவன். ஆணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஏதோ மனத்தாங்கலில் போன வருஷம் அந்தப்பக்கத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டான். அவன் போய்விட்டான், அவனுடைய அம்மாவும் தங்கையும் சலவைக்கடை மாடியில் இங்கேயே இருந்தார்கள். தங்கைக்கு அந்த வருஷம்தான் பத்தாவது.

வேன் அக்கா வெயில் தாழ அந்த மாடிக்குப் போனாள். தையல்காரரும் கூடப் போனார், அவளைத் தனியாக அனுப்பப் பயந்து.

"அனுப்பல அக்கா" என்றாள் அந்த அம்மா. கதவைப் பாதிதான் திறந்தாள். "இவ அண்ணன் செஞ்சதுக்கு இவளைத் தேடுவாங்க. ஒரு வருஷம்தானே, போனாப் போகுது."

பெண் உள்ளே சமையல்மேடையில் சாய்ந்து நின்றாள். கையில் புத்தகம். அதில் விரலை அடையாளம் வைத்திருந்தாள். எடுக்கவில்லை.

 வேன் அக்கா அம்மாவைத் தாண்டிப் பெண்ணைப் பார்த்து, "காலையில ஹாரன் அடிப்பேன். ஏறணும்னா ஏறு, வேணாம்னா தூங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

தெருவில் வரும்போது தையல்காரர் அவள் கையைப் பிடித்தார். "இந்தப் பொண்ணை ஏத்தாத. மத்த பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

"மத்த பிள்ளைங்களை நினைச்சாத்தாங்க ஏத்தணும். இன்னைக்கு இவளை விட்டுட்டுப் போனா, நாளைக்கு யாரை விட்டுட்டுப் போகணும்னு அவங்க சொல்ல ஆரம்பிப்பாங்க. அப்புறம் வண்டி அவங்களுது. நான் சும்மா ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"உங்களுக்கு இருக்குல்ல, வீட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தா போதும்."

தையல்காரருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? விடிந்ததும் மெஷினில் உட்கார்ந்தார். சீருடை வெட்டிய மீதித் துணியை ஒட்டுப்போட்டு வேனின் ஜன்னல்களுக்குத் திரை தைத்தார். பாலத்தில் இன்னும் ரத்தம் கழுவியிருக்க மாட்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் கண்ணில் அது படக்கூடாது. மாட்டி முடித்துவிட்டு ஒரு குழந்தையைப் போல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாலத்துல முகம் தெரியணுமே?" என்றாள். பிறகு ஏதோ யோசித்து, "சரி, வழியில வெயில் படாம படிச்சுக்கிட்டு வரட்டும். நீங்களும் வாங்க. பாலத்துக்கு முன்னாடி திருப்பத்துல எல்லாத்தையும் ஒதுக்கி விட்டுடுங்க. மறந்துடாதீங்க" என்றாள்.

மாடிவீட்டுப் பெண் ஹாரனுக்கு முன்பே தெருவில் நின்றாள். அம்மா மாடி ஜன்னலில் நின்றாள். கூப்பிட்டு நிறுத்தவில்லை. வேனிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் பேசுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பையன்தான் முதலில் நகர்ந்து இடம் விட்டான். "உக்காரு. ஆனா நடுவுல எதுவும் கேக்காத, படிச்சதெல்லாம் கொட்டிடும்" என்றான்.

கால்வாயின் வாடை வந்தபோது தையல்காரர் எழுந்தார். முதல் திரையில் கை வைத்தார். விளிம்பில் ஒரு விரல் இடைவெளியில் பாலம் தெரிந்தது. நடுவில் மணல் கொட்டியிருந்தது. மணலுக்கு வெளியே கரை இருந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்று, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனதுபோல் கிடந்தது. அவர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவர் கை அந்தத் திரையை ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை இன்னும் இறுக்கி மூடியது.

வேன் அப்படியே பாலத்தில் ஏறிவிட்டது. எல்லா ஜன்னலும் மூடி, உள்ளே யாரென்று தெரியாமல்.

முதலில் பக்கவாட்டுத் தகரத்தில் ஓர் இரும்புக் கம்பி இறங்கியது. பெரிய மணியை அடித்தது போல் வண்டி முழுக்க அதிர்ந்தது. எதிரே ஒரு தள்ளுவண்டியைக் குறுக்கே இழுத்து நிறுத்தினார்கள். வேன் அக்கா பிரேக்கை மிதித்தாள்.  தையல்காரருக்குக் கொத்தனார் ஞாபகம்தான் வந்தது.

"யாருடா அது, வண்டியை அடிக்கிறது? பெயிண்ட் உங்கப்பனா அடிச்சுத் தருவான்?" என்று அவள் தலையை வெளியே நீட்டினாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஓங்கிய கம்பி தாழ்ந்தது. ஆனாலும் கூட்டம் விலகவில்லை. ஆணி முன்னால் வந்தான். இரவெல்லாம் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த கண்கள்.

"திரை எதுக்கு அக்கா? யாரை மறைச்சுக் கொண்டு போற?"

"யாரையும் மறைக்கல."

"அவன் தங்கச்சி உள்ள இருக்காளா?"

தையல்காரர் மனதுக்குள் இல்லை என்று சொல்லு, இல்லை என்று சொல்லு என்று கெஞ்சினார்.

"இருக்கா" என்றாள் அவள். "பரீட்சை எழுதப் போறா."

"எறக்கி விடு. அவளை ஒண்ணும் செய்ய மாட்டோம். அவ எங்ககிட்ட இருந்தா அவன் தானா வருவான்."

"நீயே ஏறி வந்து கூட்டிட்டுப் போ. நான் இறங்கினா வண்டி அணைஞ்சுடும், மறுபடி கிளம்பாது, செல்ஃப் ஸ்டார்ட் போயிடுச்சு."

ஆணி ஏறினான். உள்ளே பிள்ளைகளின் முணுமுணுப்பு நின்றது. வேன் அக்கா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். தினமும் அதட்டும் அதே குரலில், துளிக்கூட ஏற்றி இறக்காமல் சொன்னாள்:

"கதவைச் சாத்து, தூசி வருது."

எத்தனையோ வருஷம் அந்தக் குரலுக்குக் கதவைச் சாத்திப் பழகிய கை. அவன் திரும்பிச் சாத்தினான். சாத்திய மறுகணம் வேன் நகர்ந்தது. தள்ளுவண்டியைப் பிடித்திருந்தவன், தலைவனே உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான், ஏதோ திட்டம் இருக்கிறது போல என்று நினைத்து வழிவிட்டான். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

"அக்கா! நிறுத்து!"

"உக்காரு. என் வண்டியில யாரும் நின்னுக்கிட்டு வரக்கூடாது."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

"நிறுத்தறேன், எங்க இறங்கற? இங்கயா?"

வேன் பாலத்தின் மறுமுனைக்கு வந்திருந்தது. அங்கே அந்தப்பக்கத்துக் கூட்டம் நின்றது. ஆணி திரை இடுக்கில் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. உட்காரவில்லை, அப்படியே வழுக்கித் தரையில் சரிந்தான். சரிந்த இடம் மாடிவீட்டுப் பெண்ணின் காலடி.

"அக்கா, என்ன வேன்ல புதுசா திரையெல்லாம்?" என்று வெளியே ஒருவன் கேட்டான்.

"என் வீட்டுக்காரர் தைச்சது. எப்படி இருக்கு?"

"கல்யாண வண்டி மாதிரி இருக்கு. கொஞ்சம் ஒதுக்கு, பார்ப்போம்."

இந்த முறை தையல்காரரின் கை கீழ்ப்படிந்தது. அவர் ஒரே ஒரு திரையை ஒதுக்கினார். ஜன்னலில் மாடிவீட்டுப் பெண்ணின் முகம். வெளியே இருந்தவனின் முகம் மாறியது. "நம்ம ஆளு தங்கச்சி. நல்லா எழுதும்மா!" என்று சத்தமாகச் சொல்லி வழியைக் காட்டினான்.

அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், கீழே ஒரு பார்வை பார்த்தால் போதும். தையல்காரர் மூச்சு விடாமல் அவளைப் பார்த்தார். அவள் வெளியே இருந்தவனுக்குத் தலையசைத்தாள். திரையைத் தானே இழுத்து மூடினாள்.

அடுத்த தெருவுக்கு வேன் திரும்பியபோது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆணி வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவனுக்கு வேன் என்றாலே குமட்டும். முன்னால் காற்றுப் படும் இடத்தில் உட்கார வைத்துத்தான் கொண்டுபோவாள். அதனால் வேனில் அவன் பெயர் முன்சீட்டு. ஊரே நடுங்கும் ஆள் இப்போது கண்ணில் நீர் முட்ட, திணறினான். மாடிவீட்டுப் பெண் தன் நுழைவுச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக்கொண்டு, உறையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வக்கீல் மட்டும், "நான் இதையெல்லாம் பார்க்கல. எனக்குத் திருக்குறள் மறந்துடும்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பிள்ளைகள் பள்ளிக்குள் போனார்கள். வேனைச் சுற்றுச்சுவர் ஓரம் மரத்தடியில் நிறுத்திவிட்டு, வேன் அக்கா படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள். திரைக்குள்ளே தையல்காரரும் ஆணியும். பரீட்சை முடியும்வரை அவர்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். எதிர்த் தெருவில் அந்தப்பக்கத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர் வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரருக்கு அந்த நேரம் நகரவேயில்லை. பக்கத்தில் இருப்பவன் பயத்தில் அவரைவிட மோசமாக இருந்தான். திரையின் விளிம்பை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தான். அது அவருக்கு முதலில் நிம்மதியாகவும், பிறகு வருத்தமாகவும் இருந்தது.

"மாமா" என்றான் ஆணி, காற்றைப் போன்ற குரலில். "இடுப்புல குத்துது. எங்க வைக்க?"

அவன் எடுத்து நீட்டியது காகிதத்தில் சுற்றிய கத்தி. தையல்காரர் அதை இரண்டு விரலால் வாங்கினார். அவர் கையில் இதுவரை இருந்த எல்லாக் கத்தரிக்கோலையும்விட அது இலேசாக இருந்தது. இருக்கைக்கடியில் ஜாக்கியும் ஸ்பேனரும் கிடந்த பையில் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே, "திரை அடியில மடிச்சுத் தைக்கல" என்றான்.

"அவசரத்துல தைச்சது."

"நல்லாத்தான் இருக்கு."

படியிலிருந்து வேன் அக்கா, திரும்பிப் பார்க்காமல், சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். "ஏன்டா முன்சீட்டு, உன் கூட்டத்துல மொத்தம் எத்தனை பேரு?"

"நிறைய."

"நிறையன்னா? பேரைச் சொல்லு."

அவன் விரல்விட்டான். பட்டப்பெயர்களாக வந்தன. கொஞ்ச தூரத்தில் தயங்கின. சிறையில் இருப்பவனையும் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர்த்துக்கொள் என்றாள்.

"அந்தப்பக்கம்?"

"அவனுங்களும் அவ்வளவுதான் இருப்பானுங்க."

"அப்ப ரெண்டு பக்கத்தையும் இந்த வண்டியிலயே ஏத்திடலாம். கொஞ்சம் நெருங்கி உக்காந்தா ஒரு இடம் மிச்சமாகும்." அவள் டப்பாவைக் கழுவித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினாள். "அதுல பாதிப் பேருக்கு மேல ஏற்கெனவே என் வண்டியில உக்காந்து வந்தவனுங்கதான்."

தையல்காரர் வேனைச் சுற்றிப் பார்த்தார். கிழிந்த இருக்கைகள், பேனாவால் கிறுக்கிய முதுகுகள், யாரோ ஒட்டிய சூயிங்கம். இவ்வளவுதானா? கால்வாயின் இரண்டு கரையிலும் எத்தனை தெரு, எத்தனை கதவு. மாலையானால் அத்தனை கதவையும் தாழ் போட வைப்பவர்கள், பேருந்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள், ஒரு கொத்தனாரைப் பால் பாக்கெட்டோடு சாய்த்தவர்கள், எல்லோரும் இந்தப் பழைய வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அவருக்கு மலைப்பாக இருந்தது. ஒரு கடலை யாரோ குவளையில் ஊற்றிக் காட்டியது போல. குவளையைக் கண்டு பயப்படாமல் இருக்க முடியவில்லை. கடல் என்று நினைக்கவும் இனி முடியாது.

ஆணி தலைகுனிந்திருந்தான். "அவனும் நானும் இந்த சீட்டுல உக்காந்துதான் வருவோம். எனக்குக் குமட்டினா அவன்தான் ஜன்னலைத் திறப்பான்" என்றான். 

மணி அடித்து, பிள்ளைகள் கூட்டமாக வந்து ஏறினார்கள். ஆறாவது கேள்விக்கு என்ன விடை என்று வாசலிலேயே தொடங்கிய சண்டை உள்ளேயும் தொடர்ந்தது. ஆணியை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மாடிவீட்டுப் பெண் மட்டும் காலை எங்கே வைப்பது என்று பார்த்து உட்கார்ந்தாள்.

அந்தப்பக்கத்து முனையில் மறுபடி அதே முகத்தைக் காட்டித் தாண்டினார்கள். பாலத்தின் நடுவில், மணலுக்கு அருகே, வேன் அக்கா பிரேக் போட்டாள். இந்தப்பக்கக் கூட்டம் ஓடிவந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்று கொதித்துப்போயிருந்தார்கள்.

ஆணி எழுந்தான். "மாமா, அதைக் குடுங்க" என்று தையல்காரரிடம் கை நீட்டினான்.

தையல்காரரின் கை பைக்குப் போயிற்று. அவர் அதைத் தந்துவிட்டிருப்பார்.

"பரீட்சை முடியட்டும்" என்றது முன்னாலிருந்து ஒரு குரல். கண்ணாடியில் அவளுடைய இரண்டு கண்கள். "பிள்ளைங்க பந்து கொண்டுவந்தாலும் அதான் ரூல். கடைசிப் பரீட்சையன்னைக்கு வாங்கிக்க."

வேனுக்குள் சண்டை நின்றது. ஆறாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் கையை நீட்டியபடியே நின்றான். இந்த இடத்தில்தான் தையல்காரருக்குத் தெரிந்தது. அவள் காலையிலிருந்து செய்தது எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. காலையில் அவளுக்கு யோசிக்க நேரமில்லை. இப்போது நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னாள்.

ஆணி கையைத் தாழ்த்தினான். கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்கண்ணே போயிட்ட? அவ எங்க? உள்ள இருக்காளா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "இதோ இருக்காளே! எறங்குடி!" என்று அவள் பையைப் பிடித்து இழுத்தான்.

ஆணி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்குச் சொல்லச் சொந்தமாக வார்த்தை எதுவும் வரவில்லை போலிருந்தது. கடைசியாகக் காதில் விழுந்ததையே சொன்னான்.

"பரீட்சை முடியட்டும்."

"அப்புறம்?"

"முடியட்டும்டா!"

வேன் அக்கா காத்திருக்கவில்லை. கியரை மாற்றி நகர்ந்துவிட்டாள். பாலத்தின் இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தபோதுதான் அவள் இடது கால் கிளட்சின் மேல் வெடவெடவென்று ஆடுவதைத் தையல்காரர் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

"காலையிலிருந்தே இப்படித்தான். அதான் செல்ஃப் போயிடுச்சுன்னு சொல்லி பாலத்துல இறங்காம இருந்தேன். இறங்கியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"பரீட்சை முடிஞ்சதும் என்ன பண்ணுவ?"

"அப்புறம் பதினொண்ணு இருக்கு, பன்னெண்டு இருக்கு. எதையாவது எழுதிக்கிட்டே இருப்பாங்க" என்றாள். சிரிக்கவில்லை.

சலவைக்கடை வாசலில் அந்த அம்மா நின்றாள். மாடியிலிருந்து எப்போது இறங்கி வந்தாளோ, நின்ற இடத்தில் நிழல்கூட இல்லை. பெண் இறங்கினாள்.

"எழுதினியா?"

"எழுதினேம்மா. ஆறாவது மட்டும் தப்பு. வக்கீல் சரின்னு சாதிக்கிறான், அதுவும் தப்பு."

அம்மா பெண்ணைத் தொடவில்லை. வேனின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், வேன் அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில். பிடித்த கையை விட முடியவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. உள்ளே பிள்ளைகள் பசி என்றன. வேன் அக்கா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தக் கை தானாக விடும்வரை உட்கார்ந்திருந்தாள்.